தங்கையின் சாட்சியம்

அண்ணாவைப் பொலிஸார் நிலத்தில் விழுத்திய அன்று நாங்கள் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகள் அவை. எனக்குப் பதினேழு வயது, அவனுக்குப் பத்தொன்பது. ஜேர்மனியில் நாங்கள் இருந்த வுப்பர்டாலில் இருந்து பக்கத்து நகரம் ஒன்றுக்கு வந்து, அடுத்த ரயிலுக்காக மேடையில் நின்றோம். சனிக்கிழமைப் பின்னேரம், மேடை நிறையச் சனம். அண்ணா வெள்ளைச் சட்டைக்கு மேல் தோல் ஜாக்கெட் போட்டிருந்தான். என் கையில் அம்மா பொரித்துத் தந்த ரோல்ஸ் பெட்டி.

இரண்டு பொலிஸார் மேடையின் மறுகோடியிலிருந்து நடந்து வந்தார்கள். எல்லோரையும் கடந்து, எங்கள் முன்னால் நின்று ஆவணங்களைக் கேட்டார்கள்.

"ஏன் எங்களிடம் மட்டும் கேட்கிறீர்கள்?" என்றான் அண்ணா. அவன் குரல் உயரவில்லை. கார் திருத்தும் நிறுவனம் ஒன்றில் அவன் தொழிற்பயிற்சி செய்துகொண்டிருந்தான். வாடிக்கையாளர்களோடு கதைத்துப் பழகிய மரியாதையான ஜேர்மன் அவனுடையது.

"வழக்கமான சோதனை," என்றார் இருவரில் இளையவர்.

"அப்படியென்றால் இவர்களிடமும் கேட்பீர்களா?" என்று பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்தவர்களைக் காட்டினான். பிறகு, சரி போகட்டும் என்பதுபோல ஜாக்கெட்டின் உட்பைக்குள் கையை விட்டான். அகதிகளுக்குக் கொடுக்கும் நீலக் கடவுச்சீட்டு அங்கேதான் இருந்தது. அதை எடுப்பதற்குள் இளையவர் கையைப் பிடித்து முறுக்கினார். மற்றவர் பின்னாலிருந்து தள்ளினார். அண்ணா குப்புற விழுந்தான். முதுகில் ஒரு முழங்கால் ஊன்றியது.

"தோள், என்ர தோள்," என்று தமிழில் கத்தினான். வெளியில் நாங்கள் இருவரும் ஜேர்மனில்தான் கதைப்போம். அந்த நேரத்தில் அவனுக்கு வந்தது வீட்டு மொழி.

வாங்கில் இருந்த ஒரு பெண்மணி எழுந்து, "அவன் எதுவும் செய்யவில்லையே," என்றார். அழுதுகொண்டிருந்த எனக்குத் தண்ணீர் தந்தார். சாட்சி தேவைப்பட்டால் வருவதாகத் தன் முகவரியையும் தந்தார்.

அண்ணாவின் காறையெலும்பு உடைந்திருந்தது. அன்றிரவு ஆஸ்பத்திரியிலிருந்து கையைத் துணிக்கட்டில் தொங்கவிட்டபடி வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து அப்பா கத்தினார்.

"பொலிஸ் கேட்டா எடுத்துக் குடுக்கிறதுதானே. உனக்கென்ன அவனோட கேள்வி?"

ஊரில், இலங்கை ஆமியின் சோதனைச் சாவடிகளில் எப்படி நிற்பது, கைகளை எங்கே வைப்பது என்று அப்பாவுக்குத் தெரியும். இந்த நாட்டில் அது தேவைப்படாது என்று எண்ணி எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

அம்மா அடுப்படியிலிருந்து சொன்னார். "நீங்கள் அங்க ஒரு கேள்வியும் கேக்கேல்லை. அதுக்காக அவங்கள் உங்களை அடிக்காமலே விட்டவங்கள்?"

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

சில வாரங்களில் அண்ணாவின் மேல் வழக்கு வந்தது. கடமையிலிருந்த பொலிஸாரை எதிர்த்துப் போராடினான், ஒருவரின் மணிக்கட்டைக் காயப்படுத்தினான் என்று. நாங்கள் பிடித்த சட்டத்தரணி களைத்த முகமுள்ள, நல்ல மனிதர். மன்னிப்புக் கேட்டால் வழக்கைப் பெரும்பாலும் கைவிட்டுவிடுவார்கள் என்றார்.

"என்ன செய்ததற்கு மன்னிப்புக் கேட்பது?" என்றான் அண்ணா.

"நீ எதுவும் செய்யவில்லை என்று நான் நம்புகிறேன். ஆனால் தீர்ப்புச் சொல்வது நான் இல்லையே."

அண்ணா மறுத்துவிட்டான்.

அந்த மாதங்களில் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பாடத்துக்கு இளையோருக்கான ஒரு நாவல் படித்தோம். அமெரிக்காவில், செய்யாத குற்றத்துக்காக நீதிமன்றத்தில் நிற்கும் ஒரு கறுப்பினப் பையனின் கதை. தீர்ப்பு வரும் பக்கங்களை உரத்து வாசித்தபோது என் பக்கத்தில் இருந்தவள் கண்ணைத் துடைத்தாள். இங்கே இப்படி நடக்குமா என்று ஆசிரியை கேட்டார். இல்லை, அது அமெரிக்கா என்றார்கள். நான் கையை உயர்த்தி அண்ணாவின் கதையைச் சொன்னேன்.

"அது கவலைக்குரியதுதான்," என்றார் ஆசிரியை. "ஆனால் இரண்டு பக்கமும் கேட்காமல் நாம் எதுவும் சொல்ல முடியாது, இல்லையா?"

நாவலில் அவர் ஒரு பக்கத்தைத்தான் கேட்டிருந்தார். அதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டார்.

வழக்கு நாளன்று என் முறை வரும்வரை நான் வெளியே இருக்கவேண்டியிருந்தது; உள்ளே நடந்ததை அண்ணா பிறகு சொன்னான். பொலிஸார் இருவரும் முதலில் சாட்சி சொன்னார்கள். அவன் சட்டென்று பைக்குள் கையை விட்டான், ஆயுதம் என்று நினைத்தோம், பிடித்தபோது உதறி அடித்தான் என்றார்கள். இருவரின் வசனங்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தனவாம்.

பிறகு அந்தப் பெண்மணி வந்தார். வருவாரோ என்று பயந்துகொண்டிருந்த நான் அவரைக் கண்டதும் ஆறுதலாக மூச்சுவிட்டேன்.

"எல்லாம் மிக விரைவாக நடந்தது," என்றாராம் உள்ளே. "பையன் எதுவும் செய்யவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பொலிஸாருக்கு ஏதாவது காரணம் இருந்திருக்கும்." வெளியே வந்து போகும்போது என் பக்கம் திரும்பவே இல்லை.

கடைசியாக என்னை அழைத்தார்கள். நீதிபதி ஒரு பெண். கனிவாகவே பேசினார். நான் கண்டதை முதலிலிருந்து சொன்னேன். முடித்ததும், "நீங்கள் மிக நன்றாக ஜேர்மன் பேசுகிறீர்கள்," என்றார்.

"நான் இங்கேதான் பிறந்தேன்."

அவர் தலையசைத்தார். "உங்கள் அண்ணாமேல் உங்களுக்கு மிகுந்த பாசம், அப்படித்தானே?"

"ஆம்," என்றேன். வேறு என்ன சொல்வது? சொன்ன கணத்திலேயே என் சாட்சியம் முடிந்துவிட்டது என்பது தெரிந்தது.

தங்கையின் பேச்சு பாசத்தால் வந்தது, விளங்கிக்கொள்ளக்கூடியது, ஆனால் அதை வைத்து முடிவெடுக்க முடியாது என்றார் நீதிபதி. பொலிஸார் பொய் சொல்வதற்குக் காரணம் எதுவும் இல்லை. உடைந்த எலும்புக்கு அண்ணாவின் எதிர்ப்பே காரணம். இரண்டு வார இறுதிகள் இளையோர் தடுப்புக்காவல், முதியோர் இல்லத்தில் சம்பளமில்லாத வேலை.

அப்பாவுக்கு ஜேர்மன் முழுதாக விளங்கவில்லை. "என்னவாம், பிள்ளை?" என்று என் காதருகே கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். முழங்காலில் கைகளை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

மேல்முறையீடு செய்யலாம் என்றார் சட்டத்தரணி. "இனி ஏலாது, விடுங்கோ," என்று அப்பாவிடம் சொன்னான் அண்ணா. பொலிஸாருக்கு எதிராக நாங்கள் கொடுத்த முறைப்பாடு விசாரணைக்கே வராமல் மூடப்பட்டது. அவனுடைய குடியுரிமை விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிட்டார்கள். பயிற்சி முடியச் சில மாதங்களே இருக்க, அவனுடைய முதலாளி அவனை அழைத்தார்.

"எனக்கு உன்மேல் கோபமில்லை. ஆனால் சனம் காரை என்னை நம்பித்தான் விட்டுப் போகிறது," என்றாராம். அதோடு பயிற்சி நின்றுபோனது.

வேறு இடங்களுக்கு எழுதிப் போட்டான். ஒருவரும் எடுக்கவில்லை. பிறகு ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போனான். இன்றும் அதையேதான் செய்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவான், சாப்பிடுவான், சோபாவில் படுத்துவிடுவான். அந்த வழக்கைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை.

ஒருமுறை அப்பாவின் கார் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது. அண்ணா யன்னலால் பார்த்தான். சத்தத்தைக் கேட்டே அவனுக்கு என்ன பிழையென்று தெரிந்திருக்கும்.

"கராஜுக்குக் குடுங்கோ," என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டான்.

அப்பா தொலைபேசியை எடுத்து என்னிடம் தந்தார், ஜேர்மனில் கதைப்பதற்கு.