பந்தல் போடாத நிச்சயம்

கலைப்பிரியாவுக்கு வெயில் ஆகாது. கைக்குழந்தையாக மல்லாட்டைக் கடலை காயும் களத்தில் படுக்கவைத்த அன்றே முகமெல்லாம் கொப்புளம். பிறகு உடம்பெங்கும் கரும்புள்ளி. பதினாறு வயதில் மூக்கில் வந்த கட்டியைப் புற்று என்று வெட்டியெடுத்தார்கள். ஊர் நாகதோஷம் என்றது. அவள் நம்பவில்லை.

புதுச்சேரி டாக்டர் சொன்னதை நம்பினாள். வெயில் எல்லார் உடம்பிலும் டிஎன்ஏ இழையைக் கெடுக்கிறது. உடம்பு கெட்ட துண்டை நீக்கித் தானே சரிசெய்துகொள்கிறது. அந்த வேலைக்கான மரபணு அவளிடம் பழுது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து அதே ஒன்று. ஒருபக்கம் மட்டும் வந்திருந்தால் வெளியே தெரியாது. அம்மா பாஞ்சாலி கட்டிக்கொண்டது சொந்தத் தாய்மாமனை.

ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டிய அறையில் ஜாக்கெட் தைத்தாள். திருவெண்ணெய்நல்லூரில் பாதிப் பெண்கள் அவள் தைத்ததைத்தான் போட்டார்கள். முகத்தைப் பார்த்து யாராவது உச்சுக்கொட்டினால் அளவு ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

தங்கை ரோஜாவை அம்மாவின் தம்பி கோபிக்குப் பேசினார்கள். இரண்டு பேரும் முதலில் ரத்தப் பரிசோதனை செய்யட்டும் என்றாள் கலைப்பிரியா. ரோஜா சரியென்றாள். கோபி சிரித்தான். ரோஜா உடம்பில் ஒரு புள்ளி இல்லை, பழுதெல்லாம் பெரியவளோடு போயிற்று என்றான். வீடே அதை நம்பியது. நிச்சயத்தை உச்சிவெயிலில், வாசலில், பந்தல் போடாமல் வைத்தார்கள். பெரியவள் வரக்கூடாது என்பதற்காக.

வந்தாள். கறுப்புக் கண்ணாடி, கையுறை, முகத்துணி, குடை. தட்டு மாற்றப்போகும் நேரம்.

"ஹெல்மெட்டு ஒண்ணுதான்டி பாக்கி," என்றான் கோபி.

"ரத்தம் குடு மாமா. ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு அந்தப் பழுது இல்லன்னு வந்தாலும் நானே தட்டத் தூக்கியாரேன்."

"ஆம்பளய டெஸ்ட் பண்ணச் சொல்றியா? உள்ள போ."

கலைப்பிரியா குடையை மடக்கினாள். துணியையும் கண்ணாடியையும் கழற்றினாள். வெளிச்சம் பட்டதும் கண்ணீர் தானாக வழிந்தது.

"தட்டு உள்ள போவட்டும். அப்பறம் நான் போறேன்."

குடை விரிக்க வந்த ரோஜாவைத் தள்ளிவிட்டாள். நல்ல நேரம் போகிறது என்றார் அப்பா. மூக்கின் தழும்பு சிவக்கத் தொடங்கியது. அது எதில் போய் முடியும் என்று ஆஸ்பத்திரியில் கூடவே கிடந்த பாஞ்சாலிக்குத் தெரியும். தம்பி கையிலிருந்த தட்டைப் பிடுங்கினாள். பூவும் வெற்றிலையும் மண்ணில் சிதறின.

"வந்து தொலடி," என்று அழுதபடி உள்ளே போனாள்.

கலைப்பிரியா பின்னால் நடந்தாள். படியேறும்போது கோபியைத் திரும்பிப் பார்த்தாள்.

"லேப்பு நாயித்துக்கெழமயும் தொறந்திருக்கும் மாமா."