பிரேக் மாட்ட ஓட்டை இல்லாத ஃபோர்க்

நாத்தனார் அவளுக்கு வைத்த பெயர் கேள்விக்குறி. புகுந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே, சமையலறைக் குழாய் ஏன் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது என்று கேட்டாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர், நாற்பதைத் தாண்டியும் உதிரவில்லை. பார்க்கும் வேலையோ நேர் எதிர். ஃபிரிட்ஜ் கம்பெனி ஒன்றின் புகார் போன் பிரிவில் உட்கார்ந்து, பகல் முழுக்கப் பதில் மட்டும் சொல்ல வேண்டும். ‘தெரியாது’ என்ற சொல்லுக்கு அங்கே தடை. கேள்வியை எல்லாம் விழுங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவள் வழியில் சும்மா வருவாளா?

ஒருநாள் சிக்னலில் ஒரு கூரியர்காரர், காலைத் தரையில் ஊன்றாமல் சைக்கிள் மேலேயே சிலையாக நின்றார். இவள் பஸ்ஸை விட்டுவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டாள்.

“எப்படிங்க விழாம நிக்கறீங்க?”

“இது ஃபிக்ஸட் கியர், அக்கா. சக்கரம் சுத்துற வரைக்கும் பெடலும் சுத்தும். நாம விட்டாலும் அது நம்மள விடாது.”

விட்டாலும் விடாத சைக்கிளா! அது எப்படி இருக்கும் என்று தெரியாமல் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. முழு வண்டி வாங்கக் கட்டுப்படியாகாது. கூரியர்காரரே வழி சொன்னார்: சட்டமும், முன்சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் ஃபோர்க்கும் மட்டும் மலிவாக எடுத்துவிட்டால், மிச்சத்தைப் பழைய சாமானில் தேற்றிவிடலாம். ஆனால் வீட்டில் சேர்த்து வைத்திருந்த பணத்துக்குக் குடும்பமே கூடி வாஷிங் மெஷின் என்று தீர்மானம் போட்டிருந்தது.

கணவர் பஸ் டிரைவர். ஒருமுறை இறக்கத்தில், வண்டி நிறைய ஆட்களோடு பிரேக் போய், மதில் சுவரில் உரசி உரசி நிறுத்தியவர். அதிலிருந்து ஸ்கூட்டரைக் கிளப்பும் முன்பே பிரேக்கை நாலு தரம் அழுத்திப் பார்ப்பார். பேச்சு குறைவு, கேள்வி அதைவிடக் குறைவு. அவள் சைக்கிள் கேட்டதற்கும் ஒரே நிபந்தனைதான் போட்டார்.

“முன்னாடி பிரேக் இருக்கணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள கிடைக்கலன்னா வாஷிங் மெஷின்.”

பழைய சைக்கிள் கடையில் கட்டுப்படியாகிற விலையில் ஃபோர்க்கோடு இரண்டே இரண்டு சட்டங்கள்தான் இருந்தன. நீல நிறச் சட்டத்தைப் பார்த்ததும் மனம் பறிபோனது. அதன் ஃபோர்க்கில் பிரேக் மாட்ட ஓட்டையும் இருந்தது. ஆனால் பின்சக்கரம் உட்காரும் வெட்டு நேராகக் கீழே பார்த்தது. சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்க முடியாது, இழுக்காவிட்டால் செயின் தொங்கும், தொங்கினால் கழன்றுவிடும். சாம்பல் நிறச் சட்டத்தில் அந்த வெட்டு நீளமாகப் பின்பக்கம் திறந்திருந்தது, செயினை இழுத்துப் பிடிக்க அளவெடுத்துச் செய்த மாதிரி. ஆனால் அது பிரேக்கே இல்லாமல் ஓட்டும் பந்தயத் தளத்துக்கான வண்டி. ஃபோர்க்கில் ஓட்டையே இல்லை.

“நீங்களே ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்தா என்ன?”

“ஓட்டை போட்டா பலம் போயிடும்மா. நான் தொட மாட்டேன்.” கடைக்காரர் குரலைத் தணித்தார். “பெடலை அடக்கிக் காலாலயே நிறுத்தலாம். வீட்டுல எதுக்குச் சொல்றீங்க?”

சொல்லாமல் இருந்துவிடலாம்தான். ஒரு நொடி ஆசை அவளை உலுக்கியது. வாசலில் பிரேக்கை அழுத்திப் பார்க்கும் அந்தக் கை நினைவுக்கு வந்ததும் மனசு கேட்கவில்லை. முகம் தொங்க எழுந்தவள், பழக்க தோஷத்தில் இன்னொன்று கேட்டாள்.

“அந்த மூலையில டப்பா நிறைய என்ன கிடக்கு?”

“அதுவா? ஸ்பிரிங் ஃபோர்க் மாத்திக்கிட்டவங்க கழட்டிப் போட்டுட்டுப் போன பழைய ஃபோர்க்குங்க.”

“அதுல ஒண்ணு இந்தச் சாம்பலுக்குப் பொருந்தாதா?”

கடைக்காரர் அளவுகோலை எடுத்தார். டப்பாவைக் கவிழ்த்ததில் சிவப்பு ஒன்று, கழுத்து தடிமன் அச்சாகச் சரியாக, தலையில் ஓட்டையோடு கிடைத்தது. நீளம் கொஞ்சம் கூடுதல். அதற்கு வளையம் போட்டுக்கொள்ளலாம். சாம்பல் சட்டம், சிவப்பு ஃபோர்க். பார்க்கச் சகிக்காது. அவளுக்கோ தலைகால் புரியவில்லை.

கெடு வைத்த ஞாயிறன்று, பழைய சாமான்களும் சேர்ந்து வண்டி முழுசாக வாசலில் நின்றது. துவைக்காத துணி மலையைச் சாட்சியாகக் காட்டி நாத்தனார் முணுமுணுத்தாள். கணவர் குனிந்து பிரேக்கை நாலு தரம் அழுத்தினார். பின்பக்கத்தைத் தூக்கிப் பெடலைக் கையால் சுற்றினார், சக்கரம் சுற்றியது. எதிர்ப்பக்கம் சுற்றினார், சக்கரமும் எதிர்ப்பக்கம் சுற்றியது. பெடலை விட்டு நிமிர்ந்தார்.

“ஏம்மா, அப்ப இது பின்னாடியும் போகுமா?”

அவருக்கும் கேட்க வருமா! இத்தனை நாள் கடைக்காரர் உயிரை எடுத்தவளுக்கு இது மட்டும் தோன்றவே இல்லை. அவள் வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

“தெரியலையே!”

ஏறி உட்கார்ந்தாள். அவர் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“பின்னாடி யாரும் வரலல்ல?” என்றாள்.

“நான்தான் இருக்கேன். மிதி.”