ஆலம்பரைக் கோட்டையில் எட்டுப் பேர் தொடாத மீன் குழம்பு

புதிதாக டூர் கைடு வேலைக்கு வரும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். நான் பெரிய அனுபவசாலி இல்லை. இந்தத் தொழிலில் எனக்கு இன்னும் பாதி விஷயம் புரியவில்லை. ஆனால் முதல் ட்ரிப்பில் செய்த தப்பை மட்டும் தெளிவாகச் சொல்ல முடியும்.

1. முதல் நாள்

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடியில் எங்கள் டிராவல்ஸ் ஆபீஸ். ஓனர் மோகன் சார். வெளிநாட்டில் இருந்த அவர் மச்சான், இடிந்த கோட்டை ஒன்றில் பனியில் நடக்கும் படத்தை மெயிலில் அனுப்பியிருந்தார். கூட ஒரு வழிகாட்டி, நடுவில் நிறுத்தி அந்த ஊர் ரொட்டி, அந்த ஊர் பானம். சார் அதைப் பார்த்து இரண்டு நாள் தூங்கவில்லை.

"நம்மகிட்ட இல்லாத கோட்டையா சேகர்? ஆலம்பரை கீதே! குளிர்கால கோட்டை நடை, உள்ளூர் சாப்பாட்டோட. போடு நோட்டீஸ்!"

"சார், நம்ம ஊர்ல குளிர்காலம்..."

"டிசம்பர் இல்லையா? அப்ப காலைல நீயும் மஃப்ளர் கட்டிக்கினுதானே வருவே?"

அது உண்மைதான். நோட்டீஸ் போட்டேன்.

அப்பா கல் குவாரியில் லோடு ஏற்றுகிறவர். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். ஹிஸ்டரி டிகிரி. வேலை நிரந்தரம் ஆகுமா என்று அப்பா தினமும் கேட்பார். சார் சொன்னது இதுதான்: "இந்த ட்ரிப் உன் ட்ரிப். முடிஞ்சதும் எல்லார்கிட்டயும் ஃபீட்பேக் ஃபார்ம் வாங்கு. சாப்பாட்டுக் கட்டத்துல எல்லாம் 'குட்' வந்தா உனக்கு பர்மனென்ட் ஆர்டர். இல்லைன்னா திங்கக்கிழமை வராதே."

2. ஃபார்ம்

புக்கிங் ஃபார்மைத் தயாரித்தவன் நான்தான். பெயர், வயது, முகவரி, அதன் கீழே இரண்டு கட்டம்: வெஜ், நான்-வெஜ். தீபாவளிக்கு முன்பே பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். பன்னிரண்டும் நான்-வெஜ்ஜில் டிக். எனக்கு ஒரே சந்தோஷம். ஒரே சமையல், ஒரே கணக்கு.

கோட்டைக்குப் பக்கத்துக் குப்பத்தில் மல்லிகா அக்கா என்பவரை ஏற்பாடு செய்தேன். மீன் குழம்பு, இறால் தொக்கு, சோறு, பிறகு இளநீர். பன்னிரண்டு பேருக்கு என்றதும் அந்த அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் ஃபார்மை எடுத்துக் காட்டினேன். "படிச்ச புள்ள. நீ சொன்னா சரி" என்றார்.

3. வேன் ஏறும்போது

இரண்டாயிரமாவது ஆண்டு டிசம்பர், இரண்டாம் சனிக்கிழமை. காலை ஆறரை, தாம்பரம் ஸ்டேஷன் வாசல். மங்கி கேப்போடு லிஸ்ட்டை வைத்துக்கொண்டு நின்றேன்.

முதலில் பொத்தேரி கல்லூரி லெக்சரர்கள் மூன்று பேர் வந்தார்கள். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, காலில் செருப்பு இல்லை. லிஸ்ட்டைப் பார்த்தேன்: மூன்றும் நான்-வெஜ்.

"சார்... சாமி... நீங்க எப்ப மாலை போட்டீங்க?"

"கார்த்திகை ஒண்ணாம் தேதி சாமி. நடைன்னு போட்டிருந்தீங்களே, மலைக்கு முன்னாடி கால் பழகட்டும்னு வந்தோம்."

அடுத்து குரோம்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் காதர் பாய். அவர் அம்மா, மனைவி, ஆறு வயது மகள். தண்ணீர் பாட்டில் நீட்டினேன். "நோன்பு தம்பி" என்று சிரித்தார். "புக் பண்றப்ப ரம்ஜான் எப்பன்னு யோசிக்கவே இல்ல. அம்மாதான் 'நோன்புன்னா கோட்டையைப் பாக்கக் கூடாதா'ன்னாங்க."

பிறகு திருநீர்மலையிலிருந்து ஒரு தம்பதி. அந்த அம்மா ஏறும்போதே சொன்னார்: "சனிக்கிழமைன்னு நேத்துதான் காலண்டர்ல பார்த்தேன். எங்க வீட்ல சனிக்கிழமை அசைவம் தொடமாட்டோம். பரவாயில்ல, தயிர் சாதம் இருக்கும்ல?"

கடைசியாக ஸ்டெல்லா டீச்சர், அவர் கணவர், மகன். தாம்பரத்தில் ஒரு பள்ளியில் ஹிஸ்டரி எடுக்கிறவர். "எங்களுக்கு எல்லாம் ஓகே தம்பி. மீன்னா உயிர்" என்றார். அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லலாமா என்று தோன்றியது.

டிரைவர் ஏழுமலை அண்ணன் கண்ணாடியில் என்னையே பார்த்தார். "இன்னா மச்சான், மூஞ்சி வெளுத்துப் போச்சி?"

"ஃபார்ம்ல எல்லாரும் நான்-வெஜ் அண்ணா."

"நானுந்தான் நான்-வெஜ்ஜு. அமாவாசையன்னிக்கு என் பொண்டாட்டிகிட்ட கேட்டுப் பாரு, மொத்துவா."

மல்லிகா அக்காவுக்குப் போன் கிடையாது. மதுராந்தகம் தாண்டியதும் ஏழுமலை அண்ணன் செல்லிலும் டவர் போய்விட்டது.

4. கோட்டை

ஒன்பதரைக்கு இறங்கினோம். பனி இல்லை, வெயில் சுள்ளென்றது. எல்லோர் ஸ்வெட்டரும் இடுப்புக்கு வந்துவிட்டது. சிதைந்த செங்கல் சுவர்கள், சுண்ணாம்பு உதிர்ந்த படிகள், அதற்கு அந்தப்பக்கம் கழிமுகத் தண்ணீர், அதற்கும் அப்பால் கடல்.

நான்கு பக்கம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். மண்டைக்குள் மீன் குழம்பு கொதித்தால் வரலாறு எப்படி வரும்? "இந்தக் கோட்டையை ஆங்கிலேயர் கட்டி, நவாப் இடித்து..." என்று ஆரம்பித்தேன்.

ஸ்டெல்லா டீச்சர் மெதுவாக, "நவாப் காலத்துல கட்டினதுப்பா. அப்புறம் பிரெஞ்சுக்காரங்க கைக்குப் போச்சு. இடிச்சவங்கதான் இங்கிலீஷ்காரங்க" என்றார்.

"ஆமா டீச்சர். அதேதான்."

காதர் பாயின் அம்மா ஒரு சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கட்டினவன், வாங்கினவன், இடிச்சவன். இதுல நீ யாரைப் பத்திச் சொல்ல வந்தே தம்பி?" என்று கேட்டார். சாமிகள் மூவரும் வெறுங்காலோடு செங்கல் ஜல்லியின் மேல் தாவித் தாவி முன்னால் போனார்கள். அவர்களைப் பிடிப்பதா, பாட்டிம்மா கையைப் பிடிப்பதா என்று நடுவில் நின்றேன்.

5. பந்தி

பன்னிரண்டு மணி. தென்னை நிழலில் பாய் விரித்து, இலை போட்டு, மல்லிகா அக்கா காத்திருந்தார். குழம்பு வாசனை கோட்டை வாசல் வரை வந்தது. யாரும் உட்காரவில்லை.

தனியாகப் போய் விஷயத்தைச் சொன்னேன். அக்கா இடுப்பில் கை வைத்தார்.

"அப்போ பன்னெண்டு பேருல எத்தினி பேரு துன்றாங்க?"

"டீச்சர் வீட்டுல மூணு, பாயோட பாப்பா ஒண்ணு. நாலு பேர் அக்கா."

"நாலு பேருக்கா விடிகாலைல படகடிக்குப் போயி சண்ட போட்டு வஞ்சிரம் வாங்குனேன்? இன்னா பேஜார்டா இது! இப்ப ஒண்ணு சொல்றேன் கேளு. என் புள்ளயும் மாலை போட்டுகினு கீறான். எங்க வூட்ல ஒரு மாசமா கவிச்சி கிடையாது. இத்த என் தங்கச்சி வூட்டாண்ட அடுப்பு மூட்டி ஆக்குனேன். உப்புகூட பாக்கல. மூக்காலயே சமைச்சேன்!"

"அன்னிக்கே ஏன் அக்கா சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். கார்த்திக மாசம் ஆச்சே, சாமிங்க யாருனா கீறாங்களான்னு கேக்க வந்தேன். நீதான் மூஞ்சிக்கு நேரா காயிதத்தக் காமிச்சே."

அக்கா என்னை அங்கேயே விட்டுவிட்டுச் சாமிகளிடம் போனார். "சாமி, எங்க வூட்ல சாமிக்குன்னு தனி அடுப்பு, தனி பாத்திரம் கீது. சாம்பார் சோறு கீது, பனங்கிழங்கு அவிச்சி வச்சிருக்கேன். வாங்க." திருநீர்மலை அம்மாவும் அவர் கணவரும் கூடவே கிளம்பினார்கள்.

மிச்சம் டீச்சர் குடும்பம். டீச்சர் உட்கார மறுத்தார். "நோன்பு வச்சிருக்கவங்க முன்னாடி நான் மட்டும் எப்படி தம்பி சாப்பிடறது?"

காதர் பாய் சிரித்தார். "நீங்க சாப்பிடுங்க டீச்சர். பக்கத்துல மீன் வாசனை இல்லன்னா அப்புறம் நோன்புல என்ன கஷ்டம் இருக்கு?" சொல்லிவிட்டு மகளை டீச்சர் பக்கத்தில் உட்கார வைத்தார். பிறகு, பரிமாற நின்ற மல்லிகா அக்காவின் தங்கச்சியிடம், "ஒரு தூக்குல குழம்பு போட்டுக் குடும்மா. சாயங்காலம் நோன்பு திறந்துட்டு வீட்ல சாப்பிடறோம்" என்றார்.

6. கட்டம்

திரும்பும் வழியில் வேனில் ஃபீட்பேக் ஃபார்ம் கொடுத்தேன். சாமிகள் 'குட்'. டீச்சர் 'குட்' போட்டு, பக்கத்தில் 'ஹிஸ்டரி: இன்னும் படிக்கணும்' என்று எழுதினார். திருநீர்மலை அம்மா 'பனங்கிழங்கு பிரமாதம்' என்று எழுதினார். காதர் பாய் மட்டும் சாப்பாட்டுக் கட்டத்தைக் காலியாக விட்டார்.

"பாய், ஒரு டிக்..."

"வாயில வைக்காம எப்படி தம்பி டிக் போடறது? அது பொய் ஆயிடும். நோன்பு வேற."

குரோம்பேட்டையில் தூக்கோடு இறங்கிவிட்டார்.

திங்கட்கிழமை மோகன் சார் அந்தக் காலிக் கட்டத்தின் மேல் விரல் வைத்தார். "இன்னா இது?"

நடந்ததைச் சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை. "சாயங்காலம் பேசலாம்" என்றார். அன்று முழுவதும் ஃபைலைத் திறந்து திறந்து மூடினேன். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்தேன்.

ஐந்து மணிக்குக் காதர் பாய் மாடியேறி வந்தார். கையில் அதே தூக்கு, பளபளவென்று விளக்கியது. மேஜையில் வைத்தார். கனமாக இருந்தது.

"அந்த அம்மா தூக்கு. காலியாத் திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க. பள்ளிவாசல் கஞ்சி. அவங்க ஊருக்குக் கொண்டுபோறதுக்குள்ள கெட்டுடும், நீங்க குடிச்சிடுங்க. ஃபார்ம் எங்க?"

பேனாவை வாங்கி, காலிக் கட்டத்தில் 'குட்' போட்டார். பிறகு அதன் கீழே நிறுத்தி நிதானமாக எழுதினார்: 'உப்பு சரியாக இருந்தது.'

சார் அதை இரண்டு முறை படித்தார். இரண்டு டம்ளர் எடுத்து வந்து கஞ்சியை ஊற்றினார். எனக்கு ஆர்டர் வந்தது புதன்கிழமை.

7. கற்றது

அன்று மாலையே புக்கிங் ஃபார்மை மாற்றினேன். 'வெஜ், நான்-வெஜ்' கட்டங்களை எடுத்துவிட்டு ஒரு கேள்வி போட்டேன்: 'அன்றைக்கு என்ன சாப்பிடுவீர்கள்?' பயணத்துக்கு முந்தின நாள் ஒவ்வொருவரிடமும் போனில் மறுபடி கேட்கவும் வேண்டும். அப்போதும் பாதிப் பேர் "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்றுதான் சொல்வார்கள். அதற்கும் ஒரு கோடு விட்டிருக்கிறேன். தம்பிகளே, நம் முதல் தலைமுறைப் படிப்புக்கு ஒரு வியாதி உண்டு. எழுதியிருப்பதை நம்புவோம், எதிரில் வாயெடுத்தவரைக் கேட்கமாட்டோம்.

ஜனவரியில் அடுத்த நடை. மல்லிகா அக்காவின் தூக்கு என்னிடம் இருந்தது. கழுவி வைத்தேன். காலியாகக் கொண்டுபோகக் கூடாது என்று இப்போது எனக்கும் தெரியும். ஆனால் எதைப் போட்டுக் கொண்டுபோவது? அரைமணி நேரம் யோசித்துவிட்டு, குப்பத்துக்குப் பக்கத்தில் புதிதாக வந்திருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டு, அக்காவைக் கூப்பிடச் சொல்லிக் காத்திருந்தேன்.

"அக்கா, நாளைக்கு நீங்க என்ன சாப்பிடுவீங்க?"

"இத்தக் கேக்கவா என்ன ஓட வச்சே?" மூச்சு வாங்கியது. பிறகு சிரித்தார். "எங்க வூட்டு சாமி மலைக்குப் போயி வந்து மாலை கழட்டியாச்சி. ஒரு மாசம் கவிச்சி மோந்துகினு மட்டும் இருந்தேன். பிரியாணி வாங்கிகினு வா. மட்டன்."