அவளுக்கு நான் டிராகனைச் சொன்னேன்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் நானும் என் மனைவியும் புதன்கிழமைதோறும் தென்காசியிலிருந்து பஸ் ஏறிவிடுவோம். இருவருமே ஓய்வு பெற்றவர்கள். நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவன். அவள் தபால் நிலையத்தில் இருந்தவள். பேரருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம் என்றாலும் எங்களால் ஒரே நேரத்தில் குளிக்க முடியாது. மாற்றுத்துணிப் பையை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இல்லாவிட்டால் குரங்கு கொண்டுபோய்விடும். இரண்டாவதாகப் போகிறவருக்கு அருவி நிச்சயமில்லை. மலையில் மழை வலுத்துத் தண்ணீர் கூடினால் போலீஸ்காரர் விசில் அடித்து எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்.

ஆகவே யார் முதலில் குளிப்பது என்பதைக் காலையில் வீட்டிலேயே சீட்டாடி முடிவு செய்வோம். மகன் பெங்களூருக்குப் போனபோது விட்டுப்போன சீட்டுகள். அதில் ராஜா ராணி கிடையாது, மந்திரங்களும் விலங்குகளும்தான். அவரவர் சீட்டுக்கட்டை அவரவரே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கு இருபது உயிர், அது முதலில் தீர்ந்தவர் தோற்றவர். நான் சின்னச் சின்ன ஓநாய்களாக இறக்கி அடித்துக்கொண்டே இருப்பேன். அவளுடையதை மகன் ‘கன்ட்ரோல் டெக்’ என்பான். நான் இறக்குவதையெல்லாம் தடுப்பாள், அழிப்பாள். என் கை ஓய்ந்த பிறகு பெரிய விலங்கு ஒன்றை இறக்கி ஆட்டத்தை முடிக்க வேண்டும். அந்த விலங்கைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் அதுவரை தடுத்ததெல்லாம் வீண்.

போன சாரலில் அவள் இரண்டு சீட்டுகளை என் முன்னால் வைத்தாள்.

“நீங்கதான் இதப் பத்தி எல்லாம் படிக்கிய. எதப் போடட்டும்?”

ஒன்று டிராகன். ஆறு அடிக்கும், பறக்கும், நாலே சுற்றில் என் இருபது உயிரையும் முடித்துவிடும். மற்றது ஆமை. மூன்றுதான் அடிக்கும், ஏழு சுற்று ஆகும். ஆனால் எதிராளி அதைக் குறிவைத்து மந்திரம் எதுவும் போட முடியாது.

டிராகன்தான் என்றேன். கால் மணி நேரம் வகுப்பே எடுத்தேன். சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. என் சீட்டுக்கட்டில் எந்த விலங்கையும் குறிவைத்துத் தூங்கவைக்கும் உறக்க மந்திரங்கள் நான்கு இருப்பதை மட்டும் சொல்லவில்லை.

மூன்று வாரம் டிராகன் வந்தது, உறங்கியது. மூன்று வாரமும் நான் முதலில் குளித்தேன். முதல் இரண்டு வாரம் அவளுக்கும் அருவி கிடைத்தது. மூன்றாவது வாரம் நான் வேண்டிய மட்டும் நின்றுவிட்டு வெளியே வந்ததும் விசில் அடித்துவிட்டார்கள். வீட்டிலேயே தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்திருந்தவள், துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தாள். நான் தலை ஈரத்தோடு பக்கத்தில். அது எனக்குப் பொறுக்கவில்லை. இலஞ்சி தாண்டுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப ஆமையத்தான் போட்டிருக்கணும்.”

“ஆமா. ஆமைய என்னால ஒண்ணும் செய்ய முடியாது.”

“முப்பத்தஞ்சு வருசமா பிள்ளைகளுக்கு இப்படித்தான் பாடம் நடத்துனியளாக்கும்.”

அடுத்த புதன்கிழமை ஆமை வந்தது. உறக்க மந்திரம் நான்கையும் கையில் வைத்துக்கொண்டு ஏழு சுற்று அடி வாங்கினேன். ஒவ்வோர் அடிக்கும் அவள் ஒரு வாய் காபி குடித்தாள்.

குற்றாலத்தில் தலையில் எண்ணெயோடு பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு குரங்கு என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தது. முக்கால் மணி நேரம் கழித்து அவள் தலை சொட்டச் சொட்ட வந்தாள். நான் சட்டையைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே விசில் சத்தம்.

“வாங்க, பஸ்ஸுக்குப் போவோம். பக்கத்துல உக்காராதிய, சேலையில எண்ணெ ஒட்டிரும்.”

எனக்குப் பின்சீட்டுதான். பஸ் கிளம்பியதும் திரும்பிக் கேட்டாள்.

“ஆமையையும் கொல்லுத சீட்டு ஏதும் இருக்கா?”

கொஞ்சம் யோசித்தேன். “இருக்கு. வெள்ளம்னு ஒண்ணு. அது யாரையும் குறிவைக்காது. மேசையில கெடக்கத எல்லாம் அடிச்சுக்கிட்டுப் போயிரும்.”

“உங்ககிட்ட எத்தன இருக்கு?”

“ரெண்டு. நேத்துத்தான் கட்டுல சேத்தேன். இன்னைக்கு ரெண்டும் கைக்கு வரல.”

“வீட்டுக்குப் போனதும் ரெண்டையும் எடுத்து என் கையில தந்திருங்க” என்று சொல்லிவிட்டு, ஈரக் கூந்தலை என் முகத்துக்கு நேரே உதறினாள்.