குழாய்ச் சின்னத்துக்கு விழுந்த ஓட்டுகள்

எங்கள் பகுதி கிராமப் பஞ்சாயத்தாக இருந்து கோயமுத்தூர் மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு நடந்த வார்டு தேர்தல்கள் எல்லாவற்றிலும் நான் ஓட்டுப் போட்டிருக்கிறேன். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. முதல் மூன்று தேர்தல்களிலும் ஜெயித்துக் கவுன்சிலரானவர் ஒரே ஆள். முதல் முறை சுயேச்சை. இரண்டாம் முறை ஆளும் கட்சி. மூன்றாம் முறைக்குள் ஆட்சி மாறியிருந்ததால், வேறொரு ஆளும் கட்சி. வீட்டு வாசலில் இருந்த கொடிக்கம்பத்தை அவர் மாற்றக்கூட இல்லை. புதுப் பெயிண்ட் அடித்ததோடு சரி.

எங்கள் தெருச் சாக்கடைக்கு அவர் மூன்று முறை பூமி பூஜை போட்டார், அதே இடத்தில். மூன்றாவது தடவை மண்வெட்டியால் கொத்தியபோது முதல் பூஜையில் வைத்த செங்கல் மஞ்சள் குங்குமக் கறையோடு வெளியே வந்தது. அவர் சிரித்தார். சுற்றி நின்ற நாங்களும் சிரித்தோம். எங்கள் தெருவை நான் மட்டமாக நினைக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

நான்காவது தேர்தலில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். அறிவிப்பு வந்த இரண்டாம் நாள் அவர் என் வீட்டுக்கு வந்தார். நான் முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், விதவை, ஊரில் எனக்கு எதிரி கிடையாது. அதனால் நான் தோதுப்பட்டேன் போலிருக்கிறது. வீட்டுக்காரியைக் கேட்டுப் பார்த்ததாகவும், அவர் முடியவே முடியாது என்று அழுததாகவும் சொன்னார்.

"நீங்க கையெழுத்துப் போட்டாப் போதுமுங்க டீச்சரம்மா. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன். கூட்டத்துக்குக்கூட நீங்க அலைய வேண்டியதில்லைங்க."

முடியாது என்று சொல்லிக் காபி கொடுத்து அனுப்பினேன். ஒரு வாரத்தில் சுவரெங்கும் அவர் மனைவியின் படம் ஒட்டப்பட்டது. அதில் கணவர்தான் கும்பிட்டபடி ஆளுயரத்துக்கு நின்றார். ஓரத்தில் வட்டத்துக்குள் தபால்தலை அளவுக்கு அந்தம்மாளின் முகம். அழுது ஓய்ந்த முகம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. இதற்கும் ஒருத்தி சம்மதிக்கிறாளே என்றுதான் நினைத்தேன்.

அந்தம்மாளை எதிர்த்து எங்கள் எதிர்வீட்டு நர்சம்மா சுயேச்சையாக நின்றார். அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் தட்டுவது அவர் கதவைத்தான். பிரஷர் பார்ப்பதும், ஊசி போடுவதும், ஆஸ்பத்திரிக்குக் கூட வருவதும் அவர்தான். குடிதண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை வருகிற வார்டில் அவருக்குக் கிடைத்த சின்னம் தண்ணீர்க் குழாய். எங்கள் வார்டு ஆட்கள் அதை வைத்தே அவரைக் கேலி செய்தார்கள். குழாயில் காற்றுதானே வரும் என்று ஒருவர் டீக்கடையில் சொல்ல, அதையே ஊர் முழுக்கத் திருப்பிச் சொன்னது. அவரோ தினமும் காலையில் ஒற்றை ஆளாக, கையில் நோட்டீசோடு, வீடு வீடாக ஏறி இறங்கினார். எல்லோரும் அவரை உட்காரவைத்து, உங்களுக்குத்தான் என்றார்கள்.

ஓட்டுக்கு இரண்டு நாள் முன்பு கவுன்சிலர் தரப்பிலிருந்து வீட்டுக்கு ஒரு எவர்சில்வர் தூக்குப்போசி வந்தது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும்தான். இன்றைக்கும் அதில்தான் தயிர் உறைய வைக்கிறேன்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். அப்போது என் மகன் மாடி கட்டுவதற்கு அனுமதி கேட்டு மனுப் போட்டிருந்தான். கவுன்சிலரின் ஆள் ஒருவன் வந்து, மனு இன்ன மேசையில் இருக்கிறது, எலெக்‌ஷன் முடியட்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். மிரட்டக்கூட இல்லை. ஓட்டுச் சாவடி நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம்தான். அட்டை மறைப்புக்குள் என்னை யாரும் பார்க்கவில்லை. யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. ஆனாலும் என் விரல் கவுன்சிலர் பக்கம்தான் போனது. ரகசிய ஓட்டு என்பதை நம்பாத கணக்கு டீச்சர் நான்.

கவுன்சிலரின் மனைவியே ஜெயித்தார். எங்கள் சாவடியில் குழாய்க்கு விழுந்த ஓட்டு எங்கள் தெரு வீடுகளின் எண்ணிக்கையைவிடக் குறைவு. மறுநாள் நர்சம்மா நோட்டீஸ் கொடுத்த எல்லா வீடுகளுக்கும் மறுபடி போய் நன்றி சொன்னார். எல்லா வீடும் அந்த நன்றியை வாங்கிக்கொண்டது. வேறு யாரோதான் ஏமாற்றிவிட்டார்கள் என்று வருத்தப்பட்டது. நானும் அவருக்கு நெய் போட்டு ரவா உப்புமா கிண்டிக் கொடுத்தேன்.

மாடிக்கு அனுமதி வந்தது. வார்டு ஆபீசில் நாற்காலியில் கணவர் உட்கார்ந்திருந்தார், கவுன்சிலரம்மா பக்கத்தில் நின்றிருந்தார். ஒருநாள் தண்ணீர் வராததற்கு மனு கொண்டுபோனேன். கணவர் படித்து நீட்ட, அவர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். படித்துப் பார்க்க மாட்டீர்களா என்று கேட்டேன்.

"அவருதான் படிச்சுட்டாருங்களே" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பெண்ணை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து எனக்கு முழங்கால் வீங்கிப் படுத்தபோது நர்சம்மா தினமும் வந்து ஒத்தடம் கொடுத்தார். நான்காம் நாள் என்னால் தாங்க முடியவில்லை. நான் உங்களுக்கு ஓட்டுப் போடவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். முகம் மாறவில்லை.

"ஓட்டப் பத்தி எங்கிட்ட நெசத்தச் சொன்னதுல நீங்க ரெண்டாவது ஆளுங்க டீச்சர்."

முதல் ஆள் யார் என்று கேட்டேன்.

"கவுன்சிலரம்மா. பிரஷர் பாக்க வந்தாங்க. நான் உங்களுக்குத்தான் போட்டனுங்கக்கா, ஊட்டுல சொல்லிப்போடாதீங்கன்னாங்க."

நான் ஓட்டை மாற்றிப் போட்டதைச் சொன்னேன். அந்தம்மாள் குழாய்க்கே ஓட்டுப் போட்டதைச் சொல்லியிருக்கிறார். வட்டத்துக்குள் இருந்த அந்தச் சின்ன முகம், அட்டை மறைப்புக்குள் தனியாக நின்று, புருஷன் உட்காரப்போகிற நாற்காலிக்கு எதிராகப் பொத்தானை அழுத்தியிருக்கிறது. வார்டு முழுக்கப் பயந்து செய்யாததை அவர் செய்தார், ஜெயித்தும் தொலைத்தார்.

நர்சம்மா துணியை என் முழங்காலில் வைத்தபடி, மாடி வேலை முடிந்துவிட்டதா என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றேன். மறுநாளும் வந்து ஒத்தடம் கொடுத்தார்.

இப்போது வார்டு எல்லையைத் திருத்தப்போவதாகப் பேசுகிறார்கள். எங்கள் தெருவின் வடக்கு வரிசை ஒரு வார்டு, தெற்கு வரிசை இன்னொன்று என்று கேள்வி. அப்படி ஆனால் எதிர்வரிசை நர்சம்மா தன் வார்டில் மறுபடி நின்றாலும் நான் அவருக்கு ஓட்டுப் போட முடியாது. அதைக் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.