‘தடு’ என்று அழுத்தியவன்

இது கதை இல்லை, நடந்தது. பல்கேரியாவின் ப்ளோவ்டிவ் நகரத்தில், எங்கள் கட்டடத்திலேயே, எனக்கு மேல்வீட்டுக் காமெனுக்கு நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், எனக்கென்ன நஷ்டம்?

அப்போது பால்கனிக்குப் பால்கனி ஒயர் இழுத்து, கட்டடத்துக் கணினிகளை எல்லாம் ஒன்றாகக் கோத்திருந்தோம். படமும் பாட்டும் பகிர்ந்துகொள்ளத்தான். கணினியோடு கூடவே வரும் ஃபயர்வால், அழையா விருந்தாளியை உள்ளே விடாது. அது இருந்தால் படத்தைப் பகிர முடியாது என்று எல்லோரும் அதை அணைத்து வைத்திருந்தோம்.

காமெனின் எதிர்வீட்டு யானித்சா மட்டும் அணைக்கவில்லை. அவளுக்குத் திக்குவாய். தனியாக உட்கார்ந்து பேசிப் பழகி, அதைக் கணினியில் பதிவு செய்து வைப்பாள்.

"அந்தச் சனியனை அணைச்சுப் போடு, யானித்சா. நாங்க என்ன திருடங்களா?" என்றான் காமென்.

அணைத்தாள். அன்றைக்கே அவள் பதிவுகளை எல்லாம் எடுத்துக் கட்டடம் முழுக்கப் பரப்பிவிட்டான் பாவி. படிக்கட்டில் பொடிசுகள்கூட அவளைப் போலத் திக்கிக் காட்டின. அதற்குப் பிறகு அவள் வாயே திறக்கவில்லை. பனிக்காலம் முடிவதற்குள் மாரித்சா ஆற்றிலிருந்து அவளைப் பிணமாக எடுத்தார்கள்.

காமெனுக்கு உறுத்தவே இல்லை. வானொலியில் கால்பந்து வர்ணனை அவன் பிழைப்பு. வரப்போகும் சனிக்கிழமைதான் தலைநகர் வானொலியில் அவனுக்கு முதல் ஆட்டம். தொண்டைக்குத் தேனும் சூடான பாலுமாகக் குடித்துக்கொண்டிருந்தான்.

யானித்சா இறந்து நாற்பதாம் நாள். இறந்தவருக்காக அன்று வீடு வீடாகக் கொடுக்கும் வேகவைத்த கோதுமையைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு அவள் அம்மா காமெனின் கதவைத் தட்டினாள். அவன் திறக்கவில்லை.

பட்டப்பகல். கணினியின் ஒலிபெருக்கியில் ஏதோ கேட்டது.

"கா... கா... கா..."

யாரோ யானித்சாவின் பழைய பதிவைப் போட்டு விளையாடுகிறார்கள் என்று நினைத்தான். கோபத்தில் ஃபயர்வாலைப் போட்டான். உடனே திரையில் ஒரு கேள்வி.

அனுமதிக்கவா? தடுக்கவா?

கேட்பது யார் என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை.

தடு.

மறுபடியும் கேட்டது. தடு.

"கா... கா... மென்..."

அவன் பெயர்!

அந்தப் பதிவுகளில் அவன் பெயர் எங்குமே கிடையாது...

தடு. தடு. தடு.

பால்கனியிலிருந்து வரும் ஒயரைப் பிடுங்கினான்.

கேள்வி நிற்கவில்லை...

மறுநாள் ஒயர் இழுக்கும் ழீவ்கோ வந்து பார்த்தான். காமென் எல்லாவற்றையும் சொன்னான். ழீவ்கோவின் முகம் மாறியது.

"டேய், வெளியிலேர்ந்து ஒண்ணு வந்தா ஃபயர்வால் உன்கிட்ட கேக்காது. சத்தமில்லாம தடுத்துரும்."

"அப்போ இது?"

"உள்ள இருக்கிற ஒண்ணு கதவைத் திறக்கச் சொன்னாத்தான்டா இப்படிக் கேக்கும். வெளியே போக விடுன்னு அது கேட்டுருக்கு. நீ அடைச்சு வெச்சிருக்கே."

காமென் அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். "இப்பவே திறந்து விடு. போய்த் தொலையட்டும்."

ழீவ்கோ வெகுநேரம் தேடினான். "உள்ள ஒண்ணுமே இல்லையே. ஏற்கெனவே வெளியே வந்துருச்சுபோல."

எங்கே போயிற்று என்று கேட்கத்தான் காமென் வாயைத் திறந்தான்.

"எ... எ... எ..."

ழீவ்கோ எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு என் வீட்டுக்கு ஓடிவந்தான். காமென் திக்கியதற்காக ஓடவில்லையாம். அவன் வாயிலிருந்து வந்தது பெண் குரலாம்.