பகவதியப்பன் போட்ட பிளான்

பகவதியப்பனுக்கு வீட்டை விட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை. திருவனந்தபுரத்தில் கட்டட வரைபடம் படித்த காலமெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு படித்தான். கடைசிப் பரீட்சையில் முதலாவதாக வருகிறவனுக்கு மராமத்து இலாகாவில் வேலை என்று வாத்தியார் சொல்லியிருந்தார். 1925-ஆம் வருசம் அது.

மாமா சிவதாணுப் பிள்ளை அவனை லேசில் விடுகிற ஆள் இல்லை. சொத்து மகனுக்கு இல்லை, உடன்பிறந்தாள் மகனான மருமகனுக்கு என்றிருந்த நாஞ்சில் நாட்டு வழக்கப்படி, மாமாவுக்குப் பிறகு குடும்பத்தை ஆளும் காரணவன் பகவதியப்பன்தான். கேட்டவர்கள் பொறாமைப்பட்டார்கள். மாமா முன்னால் உட்காரக் கூடாது, கேட்காமல் ஊர் தாண்டக் கூடாது, அவன் அம்மா பிச்சம்மாள் அண்ணன் போடுகிற சோற்றை நம்பி அதே வீட்டில் கிடக்கிறாள் என்பதையெல்லாம் அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

பரீட்சைக்கு வந்த வேலை கொஞ்சம் வில்லங்கமானது. ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு தொழில்காரர்களைப் பிடித்து, அவர்களைக் கேட்டு, நிஜமான ஒரு மனையில் அடுத்தடுத்து இரண்டு தொழில்கூடங்கள் வரைய வேண்டும். மனைக்காரரின் கையெழுத்தும் வேண்டும். அவனுக்கு அகப்பட்டவர்கள், மரத்தில் புனிதர்களின் சுரூபம் செதுக்கும் முட்டத்து இஞ்ஞாசியும், போட்டோ பிடிக்கும் கணபதியப்பனும்.

"எனக்கு வாசல் ஒசரமா வேணும் தம்பி. போன வருசம் அந்தோணியாரைப் படுக்கப் போட்டுல்லா வெளிய எடுத்தேன்," என்றார் இஞ்ஞாசி.

"எனக்கு வடக்கு வெளிச்சம் போதும். ஆனா அந்த ஆளுக்க மரத்தூளு கண்ணாடித் தகட்டுல விழுந்தா, பொண்ணு மொகத்துல அம்மைத் தழும்பு மாதிரி தெரியும். கல்யாணமே நின்னு போவும்," என்றார் கணபதியப்பன்.

ஆடிக் காற்று மேற்கே இருந்து வரும். அதனால் போட்டோ ஸ்டுடியோவை மேற்கிலும் சுரூபப் பட்டறையைக் கிழக்கிலும் வைத்தான். நடுவில் ஒரு இடைவெளியை வானம் பார்க்க விட்டு, அந்தப் பக்கம் பார்த்த இரண்டு சுவர்களிலும் ஒரு சன்னல்கூட இல்லாமல் அடைத்தான். வாத்தியார் அசந்துபோனார். முதல் இடம் அவனுக்குத்தான்.

ஆனால் அவன் அளந்தது மாமாவின் கோட்டாற்று மனையை. அங்கேதான் மாட்டிக்கொண்டான். வேறு மனையா இல்லை என்று கேட்கலாம். காரணவன் இருக்கும்போது மருமகன் அடுத்தவன் மனைக்குக் கையெழுத்துக் கேட்டுப் போனால் ஊர் காறித் துப்பும். மாமா ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

வேலைக்குப் போக மாமாவிடம் விடை கேட்க வந்தபோது, மனையில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியிருந்தார்கள்.

"போலாம்லே, யாரு வேண்டாம்னா? போட்ட பிளானைக் கெட்டி முடிச்சிட்டுப் போ," என்றார் மாமா.

அவன் அம்மாவிடம் போய், "நான் போறேம்மா," என்றான்.

"போ மக்கா. அதுக்கப்புறம் நான் எங்க போணும்னும் சொல்லீட்டுப் போ."

அவன் போகவில்லை. கொத்தனார்களோடு நின்று கட்டினான். சுவர்கள் எழும்பி ஓடு வேய்ந்ததும், வேலையைப் பற்றிக் கேட்டு வரத் திருவனந்தபுரத்துக்கு ஓடினான். அந்த இடத்தில் வேறொருவன் உட்கார்ந்து கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்த அன்று கோட்டாற்றில் பால் காய்ச்சுகிறார்கள். இஞ்ஞாசி தன் வாசலை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். கணபதியப்பன் வடக்குச் சன்னலைத் திறந்து திறந்து மூடினார். நடுவில் விட்டிருந்த இடத்துக்கு மாமா கூரை போட்டிருந்தார். முன்னால் ஒரு கதவு. பின்பக்கம் நெல்லுப் பத்தாயம் அடைத்துக்கொண்டு நின்றது.

"ரெண்டு பேருக்கும் எடம் போட்ட. ஒனக்குப் போட மறந்திட்டியே," என்றார் மாமா. குரலில் நிஜமான பிரியம் இருந்தது. "இனி நீ இங்க இருந்து ரெண்டையும் பாத்துக்க. குடும்பக் காரியமும் இங்கயே நடக்கட்டும்."

"சன்னல் இல்லியே மாமா."

"ரெண்டு பக்கமும் கூடாதுன்னு நீதானலே வரைஞ்ச."

பகவதியப்பன் உள்ளே போனான். உச்சிப் பொழுதுதான். பிச்சம்மாள் பின்னாலேயே வந்து மகனுக்கு விளக்கேற்றி வைத்தாள்.